ரெண்டு டிஸ்க் இருந்தும் சர்வர் ஏன் எழுந்திருக்கவில்லை?

(கணினிப் பக்கம் — பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு)

 

இந்த முறை பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயத்தை எடுத்திருக்கிறோம். ஆனால் நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. எந்தப் பனியன் கம்பெனிக்குப் போனாலும் ஆபீஸ் ரூமில் ஓர் ஓரமாக 'உர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டு ஒரு பெட்டி நிற்கும். அதுதான் சர்வர். எந்த ஆர்டருக்கு எத்தனை பீஸ், என்ன கலர், என்ன சைஸ், நிட்டிங்குக்குப் போன நூல் எவ்வளவு, டையிங்கில் இருந்து திரும்பி வந்த துணி எத்தனை கிலோ, எல்லாமே அதற்குள்தான் இருக்கிறது. அதைவிட முக்கியம், யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்ற கணக்கும் அதற்குள்தான். நம்மில் பாதிப் பேர் வீட்டில் அப்பாவோ அம்மாவோ பவர்டேபிளிலோ, செக்கிங்கிலோ, அயனிங்கிலோ இருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வருகிற சம்பளம் அந்தப் பெட்டி போட்ட கணக்கு. அது படுத்துவிட்டால்? "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பார்கள். வீட்டு வாடகைக்கு அடுத்த வாரம் என்பது கிடையாதே!

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் சர்வரில் ஒரு ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ரெண்டு போடுவார்கள். முதல் டிஸ்க்கில் என்ன எழுதினாலும் அதே நொடியில் ரெண்டாவதிலும் எழுதப்படும். கண்ணாடியில் நாம் கையைத் தூக்கினால் பிம்பமும் தூக்குகிறதே, அந்த மாதிரி. அதனால் இதற்கு மிர்ரரிங் என்று பெயர். ரெய்டு 1 என்றும் சொல்வார்கள். ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொன்றில் எல்லாம் அப்படியே இருக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஓட்டையைப் பற்றித்தான்.

கறுப்புத் திரை

ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். பேரெல்லாம் வேண்டாம், கற்பனைதான். புதன்கிழமை ராத்திரி முதல் டிஸ்க் செத்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை! ஏனென்றால் ரெண்டாவது டிஸ்க் ஒண்டியாகவே வேலையை இழுத்துக்கொண்டு ஓடியது. வியாழன், வெள்ளி எல்லாம் வழக்கம்போல். சனிக்கிழமை காலையில் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி பழசு, பத்தே நிமிஷத்தில் கையை விரித்துவிட்டது. ஜெனரேட்டர் எடுத்ததும் சர்வரை ஆன் செய்தார்கள். கறுப்புத் திரை. மேலே ஒரே ஒரு வரி: 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்'. அவ்வளவுதான்.

ஓனர் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்:

"ஏனுங்க தம்பி, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓட்டும்னு சொல்லித்தானுங்களே ரெண்டு டிஸ்க்குக்குக் காசு வாங்குனீங்க?"

"ஓட்டுச்சுங்கண்ணா. மூணு நாளா ஒத்தை டிஸ்க்லதான் ஓடிட்டு இருந்திருக்குது. கரண்ட் போகாம இருந்திருந்தா இன்னும் ஓடியிருக்கும். நிறுத்திட்டு மறுபடி எழுப்பறதுக்குத்தானுங்க அதுகிட்ட ஒண்ணுமில்ல."

சர்வீஸ்காரர் சொன்னது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் அது நூற்றுக்கு நூறு உண்மை. ஓடுவது வேறு, எழுந்திருப்பது வேறு. டேட்டா மொத்தமும் ரெண்டாவது டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த டிஸ்க்குக்கு எழுந்திருக்கத் தெரியாது.

எழுந்திருப்பது எப்படி?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் லினக்ஸோ விண்டோஸோ நேராக வந்து நிற்பதில்லை. முதலில் கண் விழிப்பது மதர்போர்டில் இருக்கிற சின்ன சிப்பில் உள்ள பயாஸ். பயாஸுக்கு ஃபைல் என்றால் என்ன, ஃபோல்டர் என்றால் என்ன, எதுவும் தெரியாது. ரெய்டு என்றால் சுத்தமாகத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: வரிசையில் முதலில் இருக்கிற டிஸ்க்கின் முதல் செக்டாரைப் படி, அதில் உள்ள கட்டளையை ஓட்டு. அவ்வளவுதான் அதன் அறிவு.

அந்த முதல் செக்டார் 512 பைட். அதிலும் முதல் 446 பைட்டில்தான் கிளப்பிவிடுகிற நிரல் உட்கார வேண்டும். அடுத்த 64 பைட், டிஸ்க் எப்படிப் பங்கு போடப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் (ஒரு பங்குக்கு 16 பைட் வீதம் நாலு பங்கு. பழைய முறையில் நாலு முதன்மைப் பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாததற்குக் காரணம் இதுதான்!). கடைசி 2 பைட் முத்திரை. 446 + 64 + 2 = 512. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

446 பைட்டில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்? நம்ம இதழில் நாலைந்து வரி எழுதினாலே அவ்வளவு பைட் ஆகிவிடும். அதனால் அந்தக் குட்டி நிரல் ஒரே வேலைதான் செய்யும். தன் பக்கத்திலேயே, முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் இருக்கிற காலி இடத்தில், தன்னைவிடக் கொஞ்சம் பெரிய நிரலை வைத்திருக்கும். அதைக் கூப்பிடும். லினக்ஸில் இந்த ஜோடிக்குக் கிரப் என்று பெயர். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் அண்ணன், அக்கா யாராவது வாங்கியிருந்தால் ஆன் செய்து பாருங்கள். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸும் இருக்கும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். ஆன் செய்ததும் 'எது வேண்டும்?' என்று ஒரு பட்டியல் வருமே, அந்தத் திரைதான் கிரப்.

கிரப் அடுத்ததாக 'பூட்' என்ற பகுதியைத் தேடும். லினக்ஸின் உயிரான கெர்னலும், அதற்குத் துணையாக ஒரு சின்ன மூட்டையும் அங்கே இருக்கும். அவற்றை நினைவகத்தில் ஏற்றி ஓட விட்டதும் கிரப்பின் வேலை முடிந்தது. ரெண்டு டிஸ்க்கையும் ஜோடி சேர்த்து 'இது ஒரு மிர்ரர்' என்று அறிந்துகொள்வது அந்தக் கெர்னல்தான். இதை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்: கெர்னல் எழுந்த பிறகுதான் மிர்ரர் உண்டாகிறது. அதற்கு முன்பு நடப்பது எல்லாமே ஒத்தை டிஸ்க்கை நம்பித்தான்.

ரெண்டு குடோன், ஒரு சாவி

இன்னும் புரியவில்லையா? இப்படி யோசியுங்கள். ஒரு கம்பெனிக்கு ரெண்டு குடோன். முதல் குடோனில் எத்தனை ரோல் துணி இறங்குகிறதோ அத்தனை ரோல் ரெண்டாவதிலும் இறங்கும். ரெண்டிலும் ஸ்டாக் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஷட்டரைத் திறக்கிற ஆள் முதல் குடோன் வாசலில் மட்டும்தான் நிற்கிறார். முதல் குடோன் இடிந்து, அவரும் போய்விட்டார். ரெண்டாவது குடோனுக்குள் சரக்கு அத்தனையும் இருக்கிறது. திறக்க ஆள் இல்லை.

லினக்ஸில் மிர்ரர் போடுவது பெரும்பாலும் பார்ட்டிஷன் அளவில்தான். முதல் டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷனும் ரெண்டாவது டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷனும் ஜோடி. ஆனால் அந்த 512 பைட் செக்டாரும் அதையடுத்த காலி இடமும் எந்தப் பார்ட்டிஷனுக்குள்ளும் இல்லை. வாசலுக்கு வெளியே கிடக்கின்றன. அதனால் மிர்ரர் அவற்றைத் தொடுவதே இல்லை! 1 டெராபைட் டிஸ்க்கில் சுமார் 195 கோடி செக்டார் இருக்கிறது. அத்தனை கோடியையும் கண்ணும் கருத்துமாகக் காப்பி எடுத்துவிட்டு, முதல் செக்டாரையும் அதன் பக்கத்துக் கொஞ்சத்தையும் விட்டுவிட்டோம். சனிக்கிழமை சம்பளம் நின்றது அந்தக் கொஞ்சத்தால்.

இது எப்படி விட்டுப் போகிறது என்று கேட்பீர்கள். டெபியன் லினக்ஸ் (பாஸ் லினக்ஸுக்கும் அதுதான் அடிப்படை) நிறுவும்போது கடைசியில் 'கிரப்பை எந்த டிஸ்க்கில் போடட்டும்?' என்று கேட்கும். பட்டியலில் முதலாவதைத் தேர்ந்தெடுத்து எண்டர் தட்டுவோம். எழுந்திருக்கும். எல்லாரும் கை குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். முதல் டிஸ்க் உயிரோடு இருக்கும்வரை குறை தெரியவே தெரியாது. இரண்டு வருஷம், மூன்று வருஷம்கூட ஆகலாம்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

பயாஸ் முறையில் எழுகிற சர்வர் என்றால் வைத்தியம் ரொம்பச் சின்னது. கிரப்-இன்ஸ்டால் என்ற கட்டளையை முதல் டிஸ்க்குக்கு ஒரு தடவை, ரெண்டாவது டிஸ்க்குக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். பார்ட்டிஷன் பேரைக் கொடுக்கக் கூடாது, முழு டிஸ்க்கின் பேரைக் கொடுக்க வேண்டும் (லினக்ஸில் முதல் டிஸ்க் எஸ்டிஏ, ரெண்டாவது எஸ்டிபி. எஸ்டிஏ1 என்று எண் சேர்ந்தால் அது பார்ட்டிஷன்). ஒரு நிமிஷ வேலைகூட இல்லை. பூட் பகுதியும் மிர்ரருக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில பழைய சர்வர்களில் டேட்டாவை மட்டும் மிர்ரர் போட்டு, பூட்டை முதல் டிஸ்க்கிலேயே தனியாக விட்டிருப்பார்கள்.

அப்படி விட்டதற்குப் பழைய காலத்தில் ஒரு காரணம் இருந்தது. மிர்ரரில் சேர்ந்த ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஓர் அடையாளச் சீட்டு உண்டு. கட்டிங் முடிந்ததும் ஒவ்வொரு பண்டிலிலும் சீட்டு வைத்துக் கட்டுவார்களே, அது மாதிரி. 'நான் இன்ன ஜோடியைச் சேர்ந்தவன், எங்கள் ஜோடியில் இத்தனை பேர்' என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டைப் பார்ட்டிஷனின் தலையில் ஒட்டினால் பழைய கிரப்புக்கு உள்ளே இருப்பதைப் படிக்கத் தெரியாது, குழம்பிவிடும். வாலில் ஒட்டினால் அது சாதாரண பார்ட்டிஷன் மாதிரியே தெரியும், படித்துவிடும். மிர்ரரை உருவாக்குகிற எம்டிஅட்ம் என்ற கருவியில் (ஆஸ்திரேலியாக்காரர் நீல் பிரவுன் எழுதியது) சீட்டின் வகைக்கு எண் உண்டு. 0.90, 1.0 ரெண்டும் வாலில் ஒட்டுபவை. 1.1 தலையிலேயே ஒட்டும். 1.2 தலையிலிருந்து 4 கிலோபைட் தள்ளி ஒட்டும். இப்போதைய கிரப் 2-க்கு எல்லா வகையும் புரியும். அதனால் பூட்டைத் தனியாக விட வேண்டிய காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் சில இடங்களில் மிச்சம் இருக்கிறது.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. கிரப்புக்கு அப்டேட் வரும். அப்போது சிஸ்டம் எந்த டிஸ்க்கைக் குறித்து வைத்திருக்கிறதோ அதில் மட்டும்தான் புதுக் கிரப்பை எழுதும். பூட் பகுதியில் இருக்கிற கிரப்பின் துணை ஃபைல்களோ மாறிவிடும். முன் வாசலில் பழைய ஆள், உள்ளே புது ஆட்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது! இது கற்பனை இல்லை. 2020 ஜூலை கடைசியில் கிரப்பில் 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அவசரமாக அப்டேட் விட்டார்கள். அதைப் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்த பல டெபியன், உபுண்டு கணினிகள் 'கிரப் காலக் என்ற குறியீடு கிடைக்கவில்லை' என்று பிழை காட்டி நின்றுவிட்டன. எழுந்திருக்கிற டிஸ்க்கில் பழைய கிரப், பூட் பகுதியில் புதிய ஃபைல்கள். அதுதான் காரணம். டெபியனில் கிரப்-பிசி என்ற தொகுப்பை மறு அமைப்பு செய்யும்போது டிஸ்க் பட்டியல் வரும். அதில் ரெண்டு டிஸ்க்குக்கும் டிக் போட்டுவிட்டால் அதன் பிறகு வருகிற ஒவ்வொரு அப்டேட்டும் ரெண்டிலும் எழுதும்.

2 டெராபைட்டுக்கு மேலே போனால் பழைய 64 பைட் பட்டியலுக்கு எண்ணத் தெரியாது. அங்கே ஜிபிடி என்ற புது முறை வேண்டும். ஜிபிடியில் அந்தக் காலி இடம் கிடையாது. கிரப்புக்கென்றே 1 மெகாபைட் அளவில் ஒரு தனிப் பார்ட்டிஷனை ரெண்டு டிஸ்க்கிலும் ஒதுக்கிவிட்டு, பிறகு அதே கிரப்-இன்ஸ்டால் ரெண்டு தடவை. வேறு வித்தியாசம் இல்லை.

புதுசாக வருகிற சர்வர்களில் பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ இருக்கிறது. இது பயாஸைவிடப் படித்தது. ஃபைல், ஃபோல்டர் எல்லாம் தெரியும். ஆனால் பென்டிரைவில் இருக்குமே, அந்த ஃபேட் வகை பார்ட்டிஷன் மட்டும்தான் படிக்கத் தெரியும். லினக்ஸ் மிர்ரர் இதற்கும் தெரியாது! அதனால் கிளப்பிவிடுகிற ஃபைல்கள் ஒரு ஃபேட் பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். ரெண்டு டிஸ்க்கிலும் அந்த மாதிரி ஒன்று தேவை. சிலர் சீட்டை வாலில் ஒட்டுகிற 1.0 வகை மிர்ரர் போட்டு யுஇஎஃப்ஐ-யை ஏமாற்றுவார்கள். அதற்குச் சாதாரண ஃபேட் மாதிரி தெரியும், லினக்ஸுக்கு மிர்ரர் மாதிரி தெரியும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் யுஇஎஃப்ஐ தானாகவே அதில் ஏதாவது எழுதிவிட்டால் ஒரு பக்கம் மட்டும் மாறிவிடும், லினக்ஸுக்கு அது தெரியவும் வராது. எங்களைக் கேட்டால் ரெண்டு டிஸ்க்கிலும் தனித்தனி ஃபேட் பார்ட்டிஷன் வைத்து, கிரப் மாறும்போதெல்லாம் ரெண்டாவதிலும் காப்பி போடுவதுதான் நிம்மதி. உபுண்டு சர்வர் 20.04 முதல், நிறுவும்போதே ரெண்டு டிஸ்க்கையும் பூட் டிஸ்க்காகத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. அதோடு, யுஇஎஃப்ஐ-யின் பூட் பட்டியலில் ரெண்டாவது டிஸ்க்கின் பேரையும் சேர்த்துவிட வேண்டும்.

"ரெய்டு கார்டு போட்டுட்டா இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?" என்று எங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டான். சரியான கேள்வி. கார்டு ரெண்டு டிஸ்க்கையும் ஒரே டிஸ்க்காக பயாஸிடம் காட்டிவிடும். முதல் செக்டாரும் சேர்ந்தே காப்பியாகும். ஆனால் நாளைக்குக் கார்டே செத்தால் பெரும்பாலும் அதே மாதிரி கார்டைத் தேடி அலைய வேண்டும். லினக்ஸ் மிர்ரர் என்றால் டிஸ்க்கைக் கழற்றி எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் படிக்கும். கையில் காசு குறைவாக இருக்கிற சின்ன யூனிட்டுக்கு இது பெரிய விஷயம்.

பாதி செத்த டிஸ்க்

டிஸ்க் முழுசாகச் செத்தால்கூடப் பரவாயில்லை. பயாஸ் அதைக் காணோம் என்று அடுத்த டிஸ்க்குக்குப் போய்விடும். பாதி செத்த டிஸ்க்தான் பெரிய தொல்லை! முதல் செக்டார் நன்றாகப் படிக்கும், கிரப் எழும்பும், பூட் பகுதியைத் தொட்டதும் 'டிக், டிக்' என்று சத்தம் மட்டும் வரும். பயாஸைப் பொறுத்தவரை அது தன் வேலையை முடித்துவிட்டது. ரெண்டாவது டிஸ்க்குக்குப் போகவே போகாது. ரெண்டிலும் கிரப் போட்டிருந்தாலும் இப்படி மாட்டலாம். அப்போது ஆள் போய் பயாஸில் வரிசையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கெட்ட டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்க வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி சர்வர் பெட்டியிலேயே ஒட்டி வைத்தால் ராத்திரி ஷிப்டில் இருப்பவர்கூடச் செய்துவிடுவார்.

கேபிளைப் பிடுங்கும்போது எதைப் பிடுங்குகிறோம் என்று தெரிய வேண்டுமே! உயிரோடு இருக்கிற டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டுச் செத்ததை வைத்துக்கொண்டு முழிப்பது உலகம் முழுக்க நடக்கிற கூத்து. ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் சீரியல் நம்பர் இருக்கும், லினக்ஸும் அதைக் காட்டும். முதல் நாளே ரெண்டையும் ஒப்பிட்டு, டிஸ்க் மேல் 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்று மட்டும் எழுதாமல் (ஒரு டிஸ்க் போனால் இந்தப் பெயர்கள் மாறிவிடும்) சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்தைப் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும்.

புது டிஸ்க் மாட்டுகிறபோது மூன்று வேலை. நல்ல டிஸ்க்கில் இருக்கிற பார்ட்டிஷன் பட்டியலைப் புதுசில் அப்படியே போடுவது, மிர்ரரில் சேர்ப்பது, புது டிஸ்க்கிலும் கிரப்-இன்ஸ்டால் செய்வது. மூன்றாவதைத்தான் மறந்துபோவார்கள். ஏனென்றால் ரெண்டாவது வேலை முடிய நேரமாகும். நொடிக்கு 100 மெகாபைட் என்று வைத்தால் 1 டெராபைட்டுக்கு 10,000 நொடி, அதாவது ஏறக்குறைய 2 மணி 47 நிமிஷம். அதற்குள் டீ வந்திருக்கும், வேறு வேலை வந்திருக்கும், கிரப் ஞாபகத்தில் இருந்து போயிருக்கும். மிர்ரர் மறுபடி முழுசாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் பழைய ஓட்டை திரும்ப வந்தாச்சு.

ஸ்வாப் என்று ஒரு பகுதி உண்டு, நினைவகம் பத்தாதபோது லினக்ஸ் கடன் வாங்குகிற இடம். அதை முதல் டிஸ்க்கில் மட்டும் வைத்திருந்தால் அந்த டிஸ்க் செத்ததும் ஓடிக்கொண்டிருக்கிற நிரல்களும் சேர்ந்து விழும். அதையும் மிர்ரரில் போடுங்கள்.

யுபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த அளவு இப்போது இல்லை. ஆனால் மிர்ரருக்கு மணிக்கணக்கில் கரண்ட் போக வேண்டியதில்லை. லைன் போய் ஜெனரேட்டர் எடுக்கிறதுக்குள் இருக்கிற அந்தச் சில நொடியே போதும். ஒரு டிஸ்க்கில் எழுதி முடித்து இன்னொன்றில் எழுதாமல் நின்றிருக்கும். அப்போது மறுபடி எழுந்ததும் லினக்ஸ் ரெண்டையும் ஒத்துப் பார்த்துச் சரி செய்யும். எந்தெந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்தோம் என்று குறிப்பு வைத்துக்கொள்கிற வசதியும் (பிட்மேப் என்பார்கள்) மிர்ரரில் உண்டு. அது இருந்தால் முழு டிஸ்க்கையும் பார்க்காமல் அந்த இடங்களை மட்டும் பார்த்து முடித்துவிடும்.

ஒரே லாட் வேண்டாம்!

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். டையிங்குக்குத் துணி விடும்போது 'எல்லாம் ஒரே லாட்டா இருக்கணும்' என்று சொல்வார்கள், இல்லாவிட்டால் ஷேடு மாறிவிடும். டிஸ்க் விஷயத்தில் நேர் எதிர். ஒரே நாளில், ஒரே கடையில், அடுத்தடுத்த சீரியல் நம்பரில் ரெண்டு டிஸ்க் வாங்கினால் ரெண்டுக்கும் ஒரே குறை இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று சாகிற சமயத்தில் இன்னொன்றும் இழுத்துக்கொண்டிருக்கும். அதிலும் புது டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கிற அந்த மூன்று மணி நேரம், மிச்சமிருக்கிற டிஸ்க்குக்குத்தான் கடுமையான வேலை. வேறு வேறு கம்பெனி டிஸ்க், இல்லை வேறு வேறு லாட் வாங்குவது நல்லது.

இந்த மாதிரி சாதாரண விலை டிஸ்க்குகளைச் சேர்த்து நம்பிக்கையான ஒன்றாக ஆக்கலாம் என்ற யோசனைக்குப் பேர் வைத்து வகைப்படுத்தியது 1988-ல். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூன்று பேரும் எழுதிய கட்டுரையில்தான் ரெய்டு என்ற சொல் வந்தது. அதில் மிர்ரரிங்குக்கு முதல் நிலை என்று எண் கொடுத்தார்கள், ரெய்டு 1 என்ற பெயர் அதிலிருந்துதான். ஆனால் மிர்ரரிங் அவர்களுக்கும் முந்தியது. டான்டம் என்ற கம்பெனி தன் நிற்காத கணினிகளில் அதற்கு முன்பே ஜோடி டிஸ்க் வைத்திருந்தது.

மிர்ரர் இருந்தால் பேக்கப் வேண்டாமா என்று கேட்டுவிடாதீர்கள். கண்ணாடி பிம்பம் நல்லதையும் காட்டும், கெட்டதையும் காட்டும். ஒரு ஃபைலைத் தெரியாமல் அழித்தால் அதே நொடியில் ரெண்டாவதிலும் அழிந்திருக்கும். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வானாக்ரை மாதிரி ஒன்று வந்து ஃபைல்களைப் பூட்டினால் ரெண்டு டிஸ்க்கிலும் பூட்டிவிடும். அதோடு ரெண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறதே! 2011 நவம்பரில் ஜம்மனை ஓடையில் வெள்ளம் வந்தபோது ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. தரைத்தளத்தில் ஒரு சர்வர் இருந்தால் அதன் ரெண்டு டிஸ்க்கும் சேர்ந்துதான் நனையும். தினமும் ஒரு காப்பி வேறு இடத்துக்குப் போயாக வேண்டும். மிர்ரர் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதற்கு, பேக்கப் போனதைத் திரும்ப எடுப்பதற்கு.

லேபில் செய்து பாருங்கள்

சர்வர் இல்லாமலேயே இதைச் செய்து பார்க்கலாம். விர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு கற்பனைக் கணினி உருவாக்கி, 8 ஜிகாபைட்டில் ரெண்டு கற்பனை டிஸ்க் மாட்டுங்கள். பயாஸ் முறையிலேயே இருக்கட்டும். டெபியன் நிறுவும்போது பார்ட்டிஷன் பகுதியில் 'நானே செய்கிறேன்' என்பதைத் தேர்ந்து, ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே அளவில் ரெய்டுக்கான இடம் ஒதுக்கி, ரெய்டு 1 என்று ஜோடி சேருங்கள். கிரப்பை முதல் டிஸ்க்கில் மட்டும் போடுங்கள். வேண்டுமென்றேதான்!

எழுந்ததும் 'ப்ராக்' ஃபோல்டரில் இருக்கிற எம்டிஸ்டாட் என்ற ஃபைலைத் திறந்தால் சதுர அடைப்புக்குள் ரெண்டு 'யு' பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ரெண்டு டிஸ்க்கும் நலம் என்று அர்த்தம். இப்போது கணினியை நிறுத்தி, முதல் டிஸ்க்கை எடுத்துவிட்டு, ரெண்டாவதை முதல் போர்ட்டில் மாட்டி ஆன் செய்யுங்கள். எழுந்திருக்காது. அதுதான் அந்தச் சனிக்கிழமை.

பிறகு பழையபடி மாட்டி, ரெண்டாவதுக்கும் கிரப்-இன்ஸ்டால் கொடுத்து, மறுபடி முதல் டிஸ்க்கை எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் தாமதிக்கும், ஜோடி வருமா என்று காத்திருக்கும், பிறகு ஒத்தையாகவே எழுந்துவிடும். எம்டிஸ்டாட்டில் ஒரு 'யு' போய் அந்த இடத்தில் ஒரு கீழ்க்கோடு இருக்கும். நம்ம கற்பனைக் கம்பெனியில் புதன்கிழமை ராத்திரி முதல் சனிக்கிழமை வரை அந்தக் கீழ்க்கோடு அங்கேதான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. எம்டிஅட்ம் கருவியைக் கேட்டால் டிஸ்க் போனதும் ஈமெயில் அனுப்பும். ஈமெயில் முகவரி கொடுத்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்களுக்கு மூன்று கேள்விகள்:

1. 500 ஜிகாபைட் மிர்ரரில் புது டிஸ்க் மாட்டினால், நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில், காப்பி முடிய எத்தனை நிமிஷம் ஆகும்?

2. மூன்று டிஸ்க்கை ஒரே மிர்ரராகச் சேர்த்தால் எத்தனை டிஸ்க் செத்தாலும் டேட்டா பிழைக்கும்? கிரப்-இன்ஸ்டால் எத்தனை தடவை கொடுக்க வேண்டும்?

3. எம்டிஸ்டாட்டில் கீழ்க்கோடு தெரிகிறது. பெட்டியைத் திறந்து டிஸ்க்கைப் பிடுங்கும் முன் எந்த ரெண்டு நம்பரை ஒத்துப் பார்ப்பீர்கள்?

விடைகளை ஒரு தாளில் எழுதி, பேர், வகுப்பு போட்டு, கம்ப்யூட்டர் லேப் வாசலில் இருக்கிற அட்டைப் பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த மாசம் இதே இடத்தில்.